சீனி வருத்தமும் சிறுநீர்க் கசிவும்: அம்பாறைக் கரையோரப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்றைச் சேர்ந்த 54 வயதுப் பெண் இவர். ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம், ஐந்து வருடமாகப் பிரஷர். நான் தாதியாக வேலை செய்யும் பிரதேச வைத்தியசாலையின் கிளினிக்குக்கு மாதம் தவறாமல் வருகிறவர். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டிருக்கிறேன்.

நான்கு பிள்ளைகள். நாலும் சுகப்பிரசவம் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தது. மூத்த பிள்ளையை ஆயுதம் போட்டு எடுத்தார்கள் என்பதும், கடைசிப் பிள்ளை நாலு கிலோவைத் தாண்டியிருந்தது என்பதும் பின்னால் கேட்டபோதுதான் வந்தன. மாதவிலக்கு நின்று நாலு வருடம். உயரம் 152 சென்ரிமீற்றர், எடை 74 கிலோ.

விடியற்காலையில் இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்கும் அயலுக்கும் கொடுப்பது அவருடைய தொழில். கணவர் கடற்றொழிலை விட்டுவிட்டார், அதனால் வீட்டுக்கு வரும் காசில் பெரும்பகுதி இடியப்பக் காசுதான். வீட்டைக் கடைசி மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று. மகள், மருமகன், பேரப்பிள்ளைகளோடு கணவனும் மனைவியும் அதே வீட்டில் இருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு. இரண்டு அறை, ஒரு விறாந்தை. கழிப்பறை வளவின் பின்மூலையில். வெக்கைக்கு மருமகன் விறாந்தையில் படுப்பார். இரவில் கழிப்பறைக்குப் போவதென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மருந்துகள்: சீனிக்கு மெட்ஃபோர்மின் 1 கிராம் இரு வேளை, கிளிக்லசைட் 80 மில்லிகிராம் இரு வேளை, பிரஷருக்கு எனலப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைட், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவஸ்டட்டின். எனலப்ரில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம். சலத்தை, அதாவது சிறுநீரை, கூட்டும் ஹைட்ரோகுளோரோதயசைட் ஏழு மாதத்துக்கு முன்பு, பிரஷர் இறங்காததால் சேர்க்கப்பட்டது.

கிளினிக்கில் தெரியவந்த விதம்

2024 ஜனவரி மாதக் கடைசி. நோன்புக்கு ஆறு கிழமை இருந்தது. நோன்பு பிடிக்க விரும்பும் சீனி நோயாளிகளோடு குளிசை நேரங்களைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுவது எங்கள் வழக்கம். அன்று அவருக்கு வெறுவயிற்றுச் சீனி 214. பிரஷர் 158க்கு 94. முந்தைய இரண்டு கிளினிக் நாட்களிலும் மருந்து கூட்டப்பட்டிருந்தது, ஆனாலும் இரண்டு எண்களும் அசையவில்லை.

இரவுக் குளிசையின் நேரத்தைத் தீர்மானிக்க, நோன்பு மாத இரவுத் தொழுகையைக் குறித்து, "தராவீஹ் தொழப் போவீங்கதானே ராத்தா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். போறல்ல."

"ஏன், நடக்க ஏலாமலா?"

கொஞ்சம் பேசாமல் இருந்தார். மகள் கூப்பிடு தூரத்தில் நின்றாள். "வுழு நிக்கிதில்ல மிஸ்" என்று மெதுவாகச் சொன்னார். வுழு என்பது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவிச் செய்யும் சுத்தம்; சலம் பறிந்தால் அது முறிந்துவிடும்.

வரிசையில் வைத்து மேலே கேட்க வேண்டிய விஷயம் இல்லை. மருந்து கட்டும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். அரை மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார். இரண்டு வருடமாக இருக்கிறதாம், இந்த ஆறேழு மாதத்தில் மோசமாகிவிட்டதாம். கணவருக்குத் தெரியாது. மகளுக்கு அரைகுறையாகத் தெரியும். எங்கள் கிளினிக்கில் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். நாலு பெற்றால் இப்படித்தான், வயது போனால் இப்படித்தான், இதற்கெல்லாம் மருந்தா இருக்கிறது என்ற நினைப்பு மறு பக்கம்.

பெண்கள் இதை மறைப்பது அவர்களுடைய குறை என்று நான் நினைக்கவில்லை. சீனிக் கிளினிக்கில் கண்ணைப் பற்றிக் கேட்கிறோம், காலைப் பார்க்கிறோம், சிறுநீரகத்துக்கு இரத்தம் எடுக்கிறோம். சலம் அடக்க முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காத ஒன்றை, அதுவும் இப்படிப்பட்ட ஒன்றை, ஒரு பெண் தானாக எப்படிச் சொல்வாள்?

கேட்டறிந்தவை

இரண்டு விதமாகப் போகிறது. இருமும்போது, சிரிக்கும்போது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது கொஞ்சம் பறிகிறது. எல்லாவற்றையும் விட மோசம் இடியப்ப உரலை அழுத்தும்போது. மூச்சை அடக்கி, உடம்பின் பாரத்தை எல்லாம் கைக்குக் கொடுத்து அழுத்துவார்; ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொஞ்சம் போகும். இது ஒரு வகை. மற்றது, திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் முழுவதும் போய்விடுவது. குழாய்ச் சத்தம் கேட்டாலே வந்துவிடும் என்றார். வுழுச் செய்யப் போய்த் தண்ணீரைத் திறந்த இடத்திலேயே உடுப்பு நனைந்த நாட்களும் உண்டு.

இதைச் சமாளிக்க அவர் கண்டுபிடித்திருந்த வழிகள்தான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தன. கிளினிக் நாளுக்கு முதல்நாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. வெளியே போகும் நாட்களில் "சலம் போற குளிசை"யைப் போடுவதில்லை. சீனிக் குளிசையும் சலத்தைக் கூட்டும் என்று யாரோ சொன்னதில் மெட்ஃபோர்மினையும் அடிக்கடி விட்டுவிடுவார். மிச்சக் குளிசைகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. அடுத்த முறை மகள் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது ஏறக்குறைய நிரம்பியிருந்தது. கிளினிக்கில் மருந்தைக் கூட்டக் கூட்ட, வீட்டில் அவர் குடிப்பது குறைந்துகொண்டே போயிருக்கிறது. சீனியும் பிரஷரும் இறங்காததற்குக் காரணம் அந்த டின்னுக்குள் இருந்தது.

தண்ணீர் குடிக்காவிட்டாலும் தாகம் விடவில்லை. அதற்குப் பிளேன்டீ குடித்தார், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம். தண்ணீர் குடித்தால் சலம் போகும், தேத்தண்ணி அப்படியில்லை என்பது அவருடைய கணக்கு. உண்மையில் தேயிலையில் உள்ள கஃபீன் சலப்பையை உறுத்தக்கூடியது.

பிறகு அந்த இருமல். பல மாதமாக வறட்டு இருமல், இரவில் கூட. கொத்தமல்லி அவித்துக் குடித்தார், இஞ்சி போட்டார், நிற்கவில்லை. எப்போது தொடங்கியது என்று கேட்டு, கொப்பியைப் புரட்டிப் பார்த்தோம். எனலப்ரில் தொடங்கிய இரண்டாம் மாதம். அந்தக் குளிசை குடிப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு, ஆண்களை விடப் பெண்களுக்குக் கூடுதலாக, இப்படி ஒரு வறட்டு இருமல் வரும். சாதாரணமாக அது ஒரு தொந்தரவு மட்டும்தான். சலப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் அடித்தசை ஏற்கெனவே தளர்ந்த பெண்ணுக்கோ ஒவ்வொரு இருமலும் ஒரு கசிவு.

பரிசோதனையில் கண்டவை

டொக்டர் ஒரு பெண். இந்த விஷயத்தில் அது பெரிய உதவி. தொடையிடுக்குத் தோல் வெந்து சிவந்திருந்தது. மாரி மழையில் துணி காயாமல், ஈரம் போகாத பழைய சீலைத் துணிகளையே மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். பிறப்புறுப்பில் அரிப்பும் தயிர் போன்ற வெள்ளைபடுதலும் இருந்தன. சீனி கூடிய பெண்களுக்கு அடிக்கடி வரும் பூஞ்சைத் தொற்று. சலப் பரிசோதனையில் சீனி, கூடவே சீழ்க்கலங்கள். நுண்கிருமி வளர்ப்புக்கு மாதிரியை எடுத்துவிட்டுத்தான் மருந்து தொடங்கப்பட்டது. ஈ.கோலை வளர்ந்திருந்தது.

காலைப் பரிசோதித்தபோது இரண்டு பாதங்களிலும் மெல்லிய நைலோன் நூலின் தொடுகை பல இடங்களில் தெரியவில்லை. இதை நான் முக்கியமாகக் குறிப்பிடுகிறேன். நீண்ட காலச் சீனி காலின் நரம்பைப் பாதித்திருந்தால், சலப்பையின் நரம்பையும் பாதித்திருக்கக்கூடும். அப்படி ஆனால் சலப்பை நிறைந்தது தெரியாது, போனாலும் முழுவதும் வெளியேறாது, மிச்சம் தங்கும். அந்த மிச்சத்தில் கிருமி வளரும். நிரம்பி வழிவதும் கசிவாகத்தான் வெளியே தெரியும்.

அதனால் ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பி, சலம் போனவுடன் ஸ்கேன் செய்து மிச்சத்தை அளந்தார்கள். 130 மில்லிலீற்றர். ஆபத்தான அளவு இல்லை. ஆனால் சும்மா விடக்கூடிய அளவும் இல்லை. அங்கே பெண்நோய் டொக்டர் பார்த்ததில் சலப்பை லேசாக முன்சுவரோடு இறங்கியிருந்தது. இருமச் சொன்னபோது கசிவு கண்ணுக்குத் தெரிந்தது. சத்திரசிகிச்சை இப்போது தேவையில்லை என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை வாசித்துச் சொன்னபோது அவருடைய முகம் மாறியதைப் பார்த்தோம்.

கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 10.1. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் சரியாக இருந்தது.

மூன்று நாள் சலக் கணக்கு

எப்போது, எவ்வளவு, எதற்காகப் போகிறது என்று மூன்று நாளாவது எழுதிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் எழுதுவது இவருக்குச் சிரமம், பேரப்பிள்ளையிடம் எழுதச் சொல்ல வெட்கம். சரி, எழுத்தே வேண்டாம் என்று முடிவு செய்தோம். அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்ரிக் ஜக்கும் பழைய கலண்டர் தாளும் போதும். ஒரு தரம் போனால் ஒரு கோடு, கசிந்தால் ஒரு வட்டம், தேத்தண்ணிக்கு ஒரு புள்ளி. ஜக்கில் எந்தக் கோடு வரை வந்தது என்பதை மட்டும் மனதில் வைத்திருந்து மகளிடம் சொல்வார்.

பகலில் பதினொரு தரம், இரவில் நாலு தரம், மொத்தம் ஏறத்தாழ 2.7 லீற்றர் என்று வந்தது. தண்ணீரைக் குறைத்த பெண்ணுக்கு இது மிக அதிகம். இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதை முழுமையாகத் திரும்ப எடுக்க முடிவதில்லை. மிஞ்சும் சீனி தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சலத்தில் இறங்கும். எனவே அவர் குடிக்காமல் விட்டதால் சலம் குறையவில்லை, உடம்புதான் வறண்டது. வட்டங்கள் பெரும்பாலும் விடியற்காலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், உரல் பிடிக்கும் நேரத்தில். இரவு வட்டங்களுக்குக் காரணம் வேறு. மருமகன் விறாந்தையில் படுத்திருப்பதால் எழும்பாமல் அடக்கிப் பார்த்திருக்கிறார்.

ஆக, ஒரு கசிவுக்குள் பல காரணங்கள் கிடந்தன. பிரசவத்தில் தளர்ந்த தசை, எடை, மருந்தால் வந்த இருமல், கிருமி, சீனியால் கூடிய சலம், நரம்பு, தேயிலை, வளவின் மூலையில் இருந்த கழிப்பறை. சீனி வருத்தம் உள்ள பெண்களுக்குக் கசிவு மற்றவர்களை விடக் கூடுதலாக வருவதற்கு இந்தக் குவியல்தான் காரணம். இதில் எது எது சரியாக்கக்கூடியது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் வேலை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், விரைவில் சரியாகக்கூடியவை. கிருமிக்கு ஐந்து நாள் நைட்ரோஃபியூரன்டோயின். பூஞ்சைக்குக் குளோட்ரிமசோல். எனலப்ரிலை நிறுத்தி லொசார்டன். ஹைட்ரோகுளோரோதயசைட்டையும் டொக்டர் நிறுத்தினார். எப்படியும் அவர் அதைச் சரியாகக் குடிக்கவில்லை, நோன்பு வேறு வருகிறது. பிரஷரை இரண்டு கிழமைக்கு ஒரு தரம் பார்ப்பது என்று ஏற்பாடு.

சீனிக்குப் புதிய மருந்து எதுவும் சேர்க்கவில்லை. எச்பிஏ1சி பத்தைத் தாண்டியவருக்கு இன்சுலின் தொடங்குவது வழக்கமான அடுத்த படி. ஆனால் பிஸ்கட் டின்னைப் பார்த்த பிறகு, எழுதிக் கொடுத்ததை முழுவதும் குடித்தால் எங்கே நிற்கிறது என்று மூன்று மாதம் பார்ப்போம் என்று டொக்டர் தீர்மானித்தார். எம்பாக்ளிஃப்ளொசின் வகைக் குளிசைகளும் பேச்சில் வந்தன. அவை சீனியைச் சலத்தின் வழியாக வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவைதான். ஆனால் சலமும் கூடும், பூஞ்சைத் தொற்றும் கூடும். இவருக்கு இந்த நேரத்தில் அது வேண்டாம் என்று விடப்பட்டது.

அவசரமாக முட்டிக்கொண்டு வருவதை அடக்கும் குளிசைகள் உண்டு. அவை சலப்பையைத் தளர்த்துபவை. 130 மில்லிலீற்றர் மிச்சம் தங்கும் சலப்பையை இன்னும் தளர்த்தினால் முழுவதுமாக அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே அவையும் தள்ளிவைக்கப்பட்டன. இவரைப் போன்றவர்களுக்கு இந்தக் குளிசையைத் தொடங்குமுன் மிச்சத்தை அளந்து பார்ப்பது முக்கியம்.

அடித்தசைப் பயிற்சிதான் நடுத்தூண். 1948இல் ஆர்னல்ட் கெகல் என்ற அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் எழுதி வைத்தது. இன்றும் முதல் சிகிச்சை அதுதான். ஒரு தரத்துக்கு எட்டுச் சுருக்கம், நாளுக்கு மூன்று தரம், குறைந்தது மூன்று மாதம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார். இரண்டு கிழமை கழித்துச் செய்து காட்டச் சொன்னால், மூச்சைப் பிடித்து வயிற்றைக் கீழே முக்குகிறார். உள்ளே மேலே இழுக்க வேண்டியதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். தொடையும் இறுகியிருந்தது. இது மிகச் சாதாரணமாக நடக்கிற ஒன்று. அப்படிச் செய்தால் இருக்கும் தளர்வும் கூடும். காற்றுப் போவதையும் சலம் போவதையும் ஒரே நேரத்தில் நிறுத்துவது போல மேலே இழுங்கள், வாயால் எண்ணிக்கொண்டே செய்யுங்கள், எண்ண முடிந்தால் மூச்சு ஓடுகிறது என்று அர்த்தம் என்று சொல்லிக் கொடுத்தோம். ஒவ்வொரு தொழுகையும் முடிந்து பாயில் உட்கார்ந்திருக்கும்போது செய்கிறேன் என்று அவரே முடிவு செய்தார். நாங்கள் சொன்ன மூன்று தரம் ஐந்தாகிவிட்டது, மறக்கவும் வழியில்லை.

கூடவே இருமல் வருமுன், குடத்தைத் தூக்குமுன், உரலை அழுத்துமுன் ஒரு தரம் இழுத்துப் பிடிப்பது. உரல் விஷயத்தில் மகள்தான் வழி சொன்னாள். மாவுக்கு வெந்நீரை இன்னும் சூடாக, சற்றுக் கூட்டி விட்டுக் குழைத்தால் உரல் இலகுவாக இறங்கும். தாழ்ந்த பலகையில் குந்தி அழுத்துவதை விட்டு, மேசை உயரத்தில் நின்று அழுத்திப் பார்த்தார். மூச்சை அடக்காமல் விட்டபடி அழுத்தினால் கசிவு குறைவதை அவரே கண்டுகொண்டார்.

சலப்பைப் பழக்கம் மூன்று விதம். முட்டிக்கொண்டு வந்தால் ஓடாமல் நின்று, அடித்தசையை நாலைந்து தரம் வேகமாக இழுத்து, அலை தணிந்ததும் நடந்து போவது. பகலில் மணிக்கு ஒரு தரம் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு, இரண்டரை மணிக்கு நீட்டுவது. போனபின் எழும்பாமல் சற்றுப் பொறுத்து, முன்னால் சாய்ந்து மறுபடியும் போவது. மிச்சம் தங்காமல் இருக்க இதுதான் வழி. பிளேன்டீயை இரண்டாக்கி, தண்ணீரைப் பகலில் பரவலாகக் குடிக்கச் சொன்னோம். இரவுக்கு, மூடியுள்ள ஒரு வாளியும் சிறிய லைட்டும் அறைக்குள் வந்தன. மகளிடம் நான் தனியாகப் பேசியபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "இதை ஏன் எனக்கிட்ட உம்மா சொல்லல்ல?" என்பதுதான். அன்று பின்னேரமே வாளி வாங்கப்பட்டது.

எடையைப் பற்றியும் பேசினோம். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், எடை கூடி, கசிவும் உள்ள 338 பெண்களில் உணவு, நடை என்று தீவிரமாக முயன்ற குழு ஆறு மாதத்தில் சராசரியாக எட்டு வீத எடையைக் குறைத்தது. அவர்களுடைய வாராந்தக் கசிவு 47 வீதம் குறைந்தது. மற்றக் குழுவில் 28 வீதம். இவருக்கு எட்டு வீதம் என்றால் ஆறு கிலோ. ஆறு கிலோ என்று சொன்னபோது, முடியும் போலிருக்கிறதே என்றார்.

தொழுகை விஷயத்தில் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அது எங்கள் இடம் இல்லை. அவருக்குத் தெரிந்த, மார்க்கம் படித்த பெண்ணான ஒரு மௌலவியாவிடம் கேட்கச் சொன்னோம். தொழுகை நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, புதுத் துணி வைத்து, வுழுச் செய்து, தாமதிக்காமல் தொழலாம், இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும், இது நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை என்று அவர் விளக்கியிருக்கிறார். இரண்டு வருடம் இந்தப் பெண் ஒவ்வொரு தொழுகையையும் மூன்று நாலு தரம் திரும்பத் தொழுது களைத்திருந்தார். அந்தப் பாரம் இறங்கியது குளிசையால் அல்ல.

நோன்பு மாதம்

இருமல் மூன்று கிழமையில் நின்றது. கிருமி தீர்ந்தது. பெப்ரவரி கடைசியில் வெறுவயிற்றுச் சீனி 150க்குக் கிட்ட வந்தது. நோன்பு பிடிக்க வேண்டாம் என்றுதான் டொக்டர் முதலில் சொன்னார். ஆனால் இந்தப் பெண் பிடிக்க விரும்பினார். கிளிக்லசைட்டின் பெரிய பங்கை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்து அளவைக் குறைத்து, சீனி 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை விடுவது என்ற நிபந்தனையோடு டொக்டர் ஒப்புக்கொண்டார். மகள் சீனி பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கினாள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதை மௌலவியாவே சொல்லியிருந்தார். ஒரு பின்னேரம் 68 காட்டியது, நோன்பை விட்டார்.

முதல் பத்து நாளும் பின்னடைவு. நோன்பு திறந்ததும் கஞ்சி, சர்பத், பேரீச்சம்பழம், தேத்தண்ணி எல்லாம் ஒரே நேரத்தில். இரவுச் சலம் மறுபடி ஐந்து தரமாகியது. தூக்கம் கெட்டு, பயிற்சியும் நின்றது. "எல்லாம் பழையபடி வந்திட்டு மிஸ்" என்று போனில் சொன்னார். சர்பத்தை விட்டு, குடிப்பதை நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்துக்கும் படுக்கைக்கும் இடையில் பிரித்து, சஹரில் தண்ணீரைக் கூட்டிப் பார்க்கச் சொன்னோம். மாதத்தின் பிற்பாதியில் நிலைமை திரும்பியது. கடைசிப் பத்தில் தராவீஹுக்குப் போனார், வாசலுக்குக் கிட்ட இடம் பிடித்து.

மூன்றாம் மாதமும் அதன் பிறகும்

மே மாதம் எச்பிஏ1சி 8.4. எடை 71. நாளுக்கு நாலைந்து துணி மாற்றியவர் ஒன்றோ இரண்டோ மாற்றினார். பிரஷர் லொசார்டனோடு 136க்கு 84. இடியப்பத்தைக் குறைத்திருந்த காலத்தில் கைவிட்ட ஒரு கடை மறுபடி கிடைத்தது.

இரவில் இரண்டு தரம் எழும்புவது மட்டும் மாறவில்லை, அவசர உணர்வும் முழுதாக விடவில்லை. மாதவிலக்கு நின்றபின் வறண்ட தோலுக்காகப் பிறப்புறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரஜன் கிரீமைப் பெண்நோய் டொக்டர் சேர்த்தார். பூஞ்சை முழுதும் தீர்ந்த பிறகுதான் தொடங்கினார்.

செப்டெம்பரில் எச்பிஏ1சி 7.6, எடை 69. சலம் போனபின் மிச்சம் 70 மில்லிலீற்றர். கசிவு கிழமைக்கு ஒன்றிரண்டு தரம். தடிமல் பிடித்து இருமினால் இன்னும் போகிறது. காலில் உணர்வு திரும்பவில்லை, திரும்பும் என்று நாங்கள் சொல்லவும் இல்லை. சீனியை இறக்கினால் சலத்தின் அளவு குறையும், தொற்றுக் குறையும், நரம்பு மேலும் கெடுவது மெதுவாகும். ஆயுதம் போட்ட பிரசவத்தில் கிழிந்த தசை அதனால் ஒட்டாது. உள்ளே வைக்கும் வளையம், பிறகு தேவைப்பட்டால் சத்திரசிகிச்சை என்ற வழிகளும் இருக்கின்றன என்று விளக்கினோம். "இப்ப இது போதும் மிஸ்" என்றார். அந்த மாதம் இரவு பஸ்ஸில் கொழும்பில் உள்ள மூத்த மகள் வீட்டுக்குப் போய் வந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு போனது.

மாற வேண்டியவை

சீனிக் கிளினிக்கில் காலைப் பார்க்கும் அதே நேரத்தில் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: "இருமினா, தும்மினா, இல்லாட்டி அவசரமா வந்தா, சலம் பறியுதா?" நேரடியாக, சாதாரணக் குரலில், மறைவான இடத்தில். கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். இவருடைய கதை மகள் முன்னால் வெளியே வந்திருக்காது.

சீனியோ பிரஷரோ இறங்காத பெண்ணுக்கு அடுத்த குளிசையை எழுதுமுன், இருக்கிற குளிசையைக் குடிக்கிறாரா, விட்டால் எதற்காக விடுகிறார் என்று பார்க்க வேண்டும். எனலப்ரில் குடிப்பவர்களிடம் இருமலைப் பற்றிக் கேட்பதும் அப்படித்தான்.

வெறுவயிற்று இரத்தத்துக்காக விடியற்காலை வந்து மதியம் வரை காத்திருக்கும் இடத்தில், பெண்களுக்குக் கிட்ட ஒரு கழிப்பறையும், இரத்தம் எடுத்தபின் குடிக்கத் தண்ணீரும் இருக்க வேண்டும். இது இல்லாத இடங்களில் பெண்கள் வறண்டுபோய் வந்து உட்காருகிறார்கள், அந்த நிலையில்தான் அவர்களுடைய சலத்தையும் இரத்தத்தையும் பரிசோதிக்கிறோம்.

பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் மட்டும்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றில்லை. ஆதார வைத்தியசாலைக்கு இரண்டு பஸ் ஏறிப் போக முடியாதவர்கள் பலர். கர்ப்பிணிக் கிளினிக்கிலும் வெல் வுமன் கிளினிக்கிலும் குடும்பநல உத்தியோகத்தர்கள் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். செய்து காட்டச் சொல்லிச் சரிபார்ப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாயால் சொல்லிவிட்டு விட்டால், பலர் கீழே முக்கிக்கொண்டிருப்பார்கள்.

சில அறிகுறிகளுக்குப் பயிற்சியோடு காத்திருக்கக் கூடாது. சலத்தில் இரத்தம், முட்டியும் போக முடியாமை, காய்ச்சலோடு விலாநோவு, கட்டி போல வெளியே தள்ளுவது, இடைவிடாமல் ஒழுகிக்கொண்டே இருப்பது, திடீரென்று கால் பலமிழப்பது அல்லது பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது. இவற்றுக்கு அன்றைக்கே வைத்தியசாலை.

எங்கள் கிளினிக்கில் இப்போது கால் பரிசோதனைக் கட்டத்துக்குக் கீழே அந்தக் கேள்விக்கும் ஒரு கட்டம் கீறியிருக்கிறோம். கேட்கத் தொடங்கிய முதல் கிளினிக் நாளிலேயே "ஓம்" என்று சொன்ன பெண்கள் பலர். அவர்களுக்குக் கொடுக்க அளவு போட்ட ஜக்குகள் வாங்கி வைத்திருக்கிறோம். கடைசி மகளுக்கு இரண்டாவது கர்ப்பத்தில் சீனி கூடியிருந்ததால், பிரசவத்துக்குப் பிறகான அவளுடைய சீனிப் பரிசோதனையும் அடித்தசைப் பயிற்சியும் உம்மாவின் அடுத்த கிளினிக் நாளிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன.